குளிருக்கு ஆமென் சொன்ன ஊர்

சேசு மரி சூசை துணை

இண்டூர்,
ஜனவரி 6.

அன்பு மகள் கேத்தரினுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அப்பா, இரண்டு மாடு, ஒரு கன்று எல்லோரும் ஆண்டவர் புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம், உன் அப்பாவின் வாய் மட்டும் எங்கள் எல்லோரையும்விடக் கொஞ்சம் கூடுதல் சுகத்தோடு இருக்கிறது. நீயும் உன்னோடு கன்னியர் பயிற்சியில் இருக்கிற பிள்ளைகளும் அங்கே ஸ்பெயினில் சுகமாக இருக்க மாதாவை மன்றாடுகிறோம். ராகி அறுத்துக் களத்துக்கு வந்துவிட்டது, மா நன்றாகப் பூவெடுத்திருக்கிறது, பனியில் பூ கருகிவிடுமோ என்று உன் அப்பா தினமும் விடிந்ததும் மரத்தடியில் போய் நின்று ஆகாயத்தை முறைத்துவிட்டு வருகிறார். சரி, இதெல்லாம் வருஷா வருஷம் இருக்கிற சமாச்சாரம். இப்போது சொல்லப்போவதை உட்கார்ந்து படி. உன் அம்மா ஜெயித்துவிட்டாள். மடத்துச் சமையல்காரி அருள்ராணி, எட்டாம் வகுப்பு பாஸ், ஒரு டாக்டர், ஒரு மதர், ஒரு ஊர் எல்லோருக்கும் முன்னால் ஸ்பெயின் தேசத்துப் பாஷை பேசி ஜெயித்துவிட்டாள். உங்களுக்கு இந்தப் பயிற்சி வருஷம் முழுக்கப் போன் கிடையாது, மாதம் ஒரு கடிதம்தான் என்று சட்டம் வைத்தவர்களை நான் எத்தனை நாள் திட்டியிருக்கிறேன், அவர்களுக்கு இப்போது ஒரு கும்பிடு போடுகிறேன். உனக்குப் போன் இருந்திருந்தால் நீ அந்தக் கடிதத்தை எழுதியே இருக்க மாட்டாய், பிலாரம்மாவும் இன்றைக்கு இங்கே இருக்க மாட்டார்.

நம்ம மடத்து ஸ்பெயின் சிஸ்டர் பிலாரம்மாவுக்கு அக்டோபரில் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது என்று எழுதியிருந்தேன் அல்லவா. ஆஸ்பத்திரியில் பத்து நாள் வைத்திருந்து மடத்துக்குக் கொண்டுவந்தார்கள். வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டது, அது போகட்டும், ஆனால் கண்ணு, அவருக்குத் தமிழ் போய்விட்டது. ஐம்பத்தைந்து வருஷமாக இந்த மண்ணில் கிடந்து, வத்தல்மலை வரைக்கும் நடந்து போய் ஊசி போட்டவர், உன்னையும் உன் வயசுப் பிள்ளைகள் பாதிப் பேரையும் தன் கையால் பிரசவம் பார்த்து எடுத்தவர், நம்மைவிட நன்றாக நம்ம ஊர்த் தமிழில் ஏசுகிறவர், அவர் வாயைத் திறந்தால் ஒரு தமிழ் வார்த்தை இல்லை. ஏதோ முனகுகிறார், அழுகிறார், வாயருகே கரண்டியைக் கொண்டு போனால் கையைத் தட்டிவிட்டுக் கத்துகிறார். அவர் காலத்து ஸ்பெயின் சிஸ்டர்கள் ஒருவரும் இப்போது உயிரோடு இல்லை, இருக்கிற சிஸ்டர்கள் எல்லாம் நம்ம பக்கத்துப் பிள்ளைகள், அந்தப் பாஷை யாருக்கும் தெரியாது. ஸ்பெயின் தலைமை மடத்துக்கு வீடியோ போட்டார்கள், இரண்டு தடவையும் அங்கே பகல், இங்கே மாத்திரை போட்டு அவர் தூங்கிவிட்ட நேரம். ஒரு சின்ன சிஸ்டர் போனை வாயருகே பிடித்து அதுவே மொழிபெயர்க்கட்டும் என்று பார்த்தார், அந்தக் குழறலைக் கேட்டுவிட்டு அந்தப் போன், ரயில் நிலையத்தில் வெங்காயம் உள்ளது என்று எழுதிக் காட்டியதாம். கடைசியில் புத்தி பிசகிவிட்டது என்று முடிவு கட்டிவிட்டார்கள். புத்தி தவறிய வயசான சிஸ்டர்களுக்கு என்று எங்கேயோ ஐந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு இல்லம் இருக்கிறது, கிறிஸ்துமஸுக்கு முந்தின சனிக்கிழமை வேன் வரும், டாக்டர் வெள்ளிக்கிழமை வந்து கடிதத்தில் கையெழுத்துப் போடுவார் என்று பேசி முடித்தார்கள். மடத்துக் கல்லறையில் வேலியோரம் இதுதான் என் இடம், வேறு யாரையாவது போட்டீர்கள் என்றால் எழுந்து வந்து சண்டை போடுவேன் என்று சொன்ன மனுஷியை, கண் காணாத ஊருக்கு மூட்டை கட்டப் பார்த்தார்கள்.

இதற்கு நடுவில் நம்ம ஊர் ஜனங்கள் செய்த கூத்தைக் கேள். பிலாரம்மா கண்ணை மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுக்கிறார் என்று கேள்விப்பட்டதும் ஜெபமாலை சங்கத்து ரோசம்மாள் பத்துப் பெண்களோடு போய்க் கட்டிலைச் சுற்றி முழங்கால் போட்டுவிட்டாள். அம்மா புனிதவதி, கண்ணை மூடிக்கொண்டு கடவுளோடு பேசுகிறார், அது ரோமாபுரி ஜெபம், சாகப்போகிற புனிதர்களுக்குத்தான் அது வாயில் வரும் என்று அவள் சொல்ல, ஊரே நம்பிவிட்டது. அவர் ஒரு வரி சொல்வார், இவர்கள் எல்லோரும் ஆமென் என்பார்கள். அவர் கொஞ்சம் சத்தமாகச் சொல்வார், இவர்கள் இன்னும் பக்தியாக ஆமென் என்பார்கள். பக்கத்துத் தெரு நஞ்சம்மாள் நம்ம கோயிலுக்கே வராதவள், அவளும் பேரனுக்குக் கயிறு மந்திரிக்க வந்து நின்று கையைக் கூப்பினாள். எண்ணெய் வைத்தார்கள், உப்பு வைத்தார்கள், காய்ச்சல்காரக் குழந்தையைக் கொண்டுவந்து காலடியில் படுக்கவைத்தார்கள். ரோசம்மாள் அந்த வார்த்தைகளை ஜெபப் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டு தன் வீட்டுக் கன்றுக்குக் கழிச்சல் வந்தபோது அதன் காதில் ஓதியிருக்கிறாள். நான் மட்டும் என்ன பெரிய யோக்கியமா, ஒருநாள் கையைத் துடைத்துக்கொண்டு போய்க் கூட்டத்தின் கடைசியில் நின்று நானும்தான் ஆமென் சொன்னேன். அங்கிருந்து எனக்கு ஒரு வார்த்தையும் காதில் விழவில்லை, எல்லோரும் சொன்னார்கள், நானும் சொன்னேன்.

எனக்கு அப்போதெல்லாம் வேறு கவலை. நான் வைத்து அனுப்புகிற கஞ்சி அப்படியே திரும்பி வரும். பதினெட்டு வருஷமாக என் கையால் சாப்பிட்டவர், களி கிண்டினால் இன்னும் ஒரு உருண்டை வை என்று வாங்கிச் சாப்பிடுகிறவர், இப்போது ஒரு கரண்டி இறங்கவில்லை என்றால் என் கை கெட்டுவிட்டதோ என்று எனக்கு அழுகை அழுகையாக வரும். ஜெபக் கூட்டத்தோடு கடைசியில் நிற்கலாமே தவிர, கட்டிலருகே போய் ஊட்ட என்னை விட மாட்டார்கள், அதற்கென்று ஆள் இருக்கிறார்கள், எனக்கு அடுப்பங்கரையோடு சரி. அந்த வாரம் திங்கட்கிழமை வேலை முடிந்து டவுன் பஸ்ஸில் வருகிறேன், ரோசம்மாள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு கையில் ஜெபமாலையை உருட்டியபடி அந்த ரோமாபுரி ஜெபத்தைச் சொல்லிக்கொண்டு வருகிறாள். தெங்கோ ஃப்ரியோ, தெங்கோ செத், மே துவேலே. தெங்கோ ஃப்ரியோ, தெங்கோ செத், மே துவேலே. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இதை நான் எங்கேயோ பார்த்திருக்கிறேன், கேட்டதில்லை, பார்த்திருக்கிறேன், உன் கையெழுத்தில் பார்த்திருக்கிறேன். அதியமான்கோட்டையில் என் நாத்தனார் வீட்டுக்குப் போக வேண்டியவள், அங்கே போகாமல் நேராக வீட்டுக்கு ஓடி, திரு இருதயப் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிற உன் கடிதங்களை எல்லாம் கட்டிலில் கொட்டினேன். செப்டம்பர் மாதத்துக் கடிதம். அதில் நீ எழுதியிருந்தாயே, இங்கே முதலில் ஜெபம் சொல்லித்தரவில்லை அம்மா, உடம்பைச் சொல்லத்தான் சொல்லித்தந்தார்கள், இதோ உனக்கும் எழுதுகிறேன், நீயும் படித்துக்கொள் என்று. தெங்கோ ஆம்ப்ரே என்றால் பசிக்கிறது. தெங்கோ செத் என்றால் தாகம். தெங்கோ ஃப்ரியோ என்றால் குளிருகிறது. மே துவேலே என்றால் வலிக்கிறது. இந்த ஊரில் பசியையும் குளிரையும் வைத்திருக்கிறேன் என்றுதான் சொல்வார்களாம் என்று நீ எழுதியதைப் படித்து, நமக்குப் பசி வரும் போகும், இவர்கள் பிடித்து வைத்துக்கொள்வார்களா என்று அப்போது நானும் உன் அப்பாவும் விழுந்து விழுந்து சிரித்தோம். இப்போது அதே வரியை விரல் வைத்து மறுபடி படித்தேன். பாவி ஜனங்களே, அந்த அம்மா குளிருகிறது என்று கதறியிருக்கிறார், நாம் ஊர் கூடி ஆமென் சொல்லியிருக்கிறோம்.

உன் அப்பாவிடம் சொன்னேன். அவர் சாணி அள்ளிக்கொண்டே, ஏ அருளு, எட்டாங்கிளாசு படிச்சிட்டு நீ ஸ்பெயினு பாஷைய கண்டுபுடிச்சிட்டயா, போயி மாட்டுக்குத் தண்ணி காட்டு, டாக்டருக்குத் தெரியாததா உனக்குத் தெரியப் போவுது என்றார். சரி என்று தண்ணீர் காட்டப் போனேன், போய் மாட்டிடமே சொல்லிப் பார்த்தேன். செத்? செத்? என்று கேட்டுக்கொண்டே வாளியை நீட்டினேன், ஆம்ப்ரே? என்று தவிட்டைப் போட்டேன், உன் எழுத்தை அடுக்களைச் சுவரில் கரியால் எழுதிவைத்துக் குழம்பு கொதிக்கிற வரைக்கும் மனப்பாடம் செய்தேன். உன் அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, கெட்டுது குடி, கான்வென்ட்டு ஒண்ணு வூட்டுக்குள்ளயே வந்துட்டுது என்று தலையில் அடித்துக்கொண்டார். அடித்துக்கொள்ளட்டும்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை முதல் பஸ்ஸுக்கே போய்விட்டேன். அந்த அறையில் இருக்கிற ஆள் குளிக்கப் போன நேரம் பார்த்து உள்ளே நுழைந்தேன். மார்கழி மாதம், வெளியே பனியில் பஸ் லைட்டே தெரியவில்லை, உள்ளே ஜன்னல் திறந்திருக்கிறது, ஃபேன் முழு வேகத்தில் சுற்றுகிறது, போர்வையை மடித்துக் காலடியில் வைத்திருக்கிறார்கள். ஏன் என்று கேட்டால், வெள்ளைக்கார அம்மா, பனி பெய்கிற தேசத்தில் பிறந்தவர், அவருக்கு வெக்கை ஆகாது, காற்று வேண்டும் என்று எல்லோருமாகச் சேர்ந்து நல்ல மனசோடு செய்த ஏற்பாடு. யாராவது என்னைக் கேட்டிருக்கலாம். மார்கழி பிறந்தால் அடுப்பங்கரைக்கு வந்து என் அடுப்புக்கு முன்னால் உள்ளங்கையைக் காட்டிக்கொண்டு, அருளு, கொஞ்சம் நவுந்து நில்லு, நீயே எல்லாச் சூட்டையும் குடிச்சிடாத என்பவர் அவர். ஐம்பத்தைந்து வருஷம் தர்மபுரி வெயிலைத் தின்ற உடம்புக்கு எந்தத் தேசத்துக் குளிர் தாங்கும். காலைத் தொட்டுப் பார்த்தேன், கிணற்றுக் கல் மாதிரி சில்லென்று இருந்தது. குனிந்து காதருகே, ஃப்ரியோ? என்று கேட்டேன். அவ்வளவுதான் கண்ணு. மூடியிருந்த கண் திறந்தது. என்னைப் பார்த்தார். நல்ல கையால் என் மணிக்கட்டை அப்படிப் பிடித்தார், வளையல் உடைந்தே போனது. சி, சி, சி, தெங்கோ ஃப்ரியோ என்றார், சி என்றால் ஆமாம் என்று அந்தத் தலையாட்டலிலேயே தெரிந்தது, இரண்டு கண்ணிலும் தண்ணீர் கொட்டுகிறது. நான் ஃபேனை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, போர்வையைப் போர்த்தி, அதற்கு மேல் என் புடவைத் தலைப்பையும் போட்டுக் காலைத் தேய்த்துக்கொண்டே, செத்? என்றேன். வெந்நீர் இரண்டு டம்ளர், தலையைத் தூக்கிப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தேன், ஒரு சொட்டுச் சிந்தவில்லை. துவேலே? என்றதற்கும் சி என்றார், ஆனால் எங்கே என்று கேட்க எனக்கு வார்த்தை தெரியவில்லை, உன் கடிதத்தில் அது இல்லை. அதற்குள் அந்த ஆள் வந்து, உங்களுக்கு இங்க என்னங்க வேலை என்று என்னை வெளியே துரத்தினாள்.

மதர் சுகுணாவிடம் போய்ச் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை, தலைக்கு மேல் வேலை, கணக்குப் பார்த்துக்கொண்டே கேட்டார். அருளம்மா, உங்க பாசம் புரியுது, ஆனா அவங்களுக்கு நாம யாருன்னே தெரியலம்மா, எல்லாம் முடிவாயிடுச்சு, நீங்க அடுப்பைப் பாருங்க என்றார். அவர்கள் யாரும் பிலாரம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை, அவருக்கு என்ன என்று அவர் தலைமாட்டில் நின்றுகொண்டு ஒருவரை ஒருவர்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அன்றைக்குச் சாம்பாரில் புளி தூக்கலாகப் போனது. புதன், வியாழன் இரண்டு நாளும் அந்த ஆள் கண்ணை எடுக்கும்போதெல்லாம் நுழைந்து ஃபேனை நிறுத்திவிட்டு வந்தேன், அவள் திரும்பவும் போட்டாள். உள்ளே போகும்போது பிலாரம்மா ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னார், தெங்கோ மியேதோ, தெங்கோ மியேதோ. வீட்டுக்கு வந்து உன் கடிதத்தைப் பார்த்தேன். பயமாக இருக்கிறது என்று எழுதியிருந்தாய். அப்போதுதான் எனக்கு உறைத்தது, அவருடைய துணிகளை அலமாரியிலிருந்து எடுத்து ஒரு பெட்டியில் அடுக்கி அவர் கண்ணுக்கு எதிரிலேயே வைத்திருந்தார்கள். வேனைப் பற்றி அவர் காது படவே பேசியிருந்தார்கள். அவருக்குப் போனது பேசுகிற தமிழ்தான், கேட்கிற தமிழ் அப்படியே இருந்திருக்கிறது. எல்லாம் தெரிந்து, எல்லாம் கேட்டு, ஒன்றும் சொல்ல முடியாமல் படுத்திருந்திருக்கிறார்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு டாக்டர் வந்தார். மதர், இரண்டு சிஸ்டர்கள், வராந்தாவில் முந்தின நாளே வழியனுப்ப வந்துவிட்ட ரோசம்மாளின் கூட்டம். டாக்டர் கடிதத்தை மேசையில் வைத்துப் பேனாவைத் திறந்துவிட்டார். நான் கஞ்சிப் பாத்திரத்தோடு நேராக உள்ளே போனேன், யாரையும் கேட்கவில்லை. சார், அவங்களுக்குப் புத்தி நல்லாத்தான் இருக்குதுங்க, வலிக்குது குளிருதுன்னு அவங்க பாஷையில சொல்லிக்கிட்டே இருக்காங்க, நாமதான் கேக்கல என்றேன். டாக்டர் நிமிர்ந்து, நீங்க யாரும்மா என்றார். சமையல்காரிங்க என்றேன். வராந்தாவில் யாரோ சிரித்தார்கள். சிரியுங்கள் என்று விட்டுவிட்டுக் கட்டிலருகே போனேன். எங்கே என்று கேட்க வார்த்தை இல்லையே, அதற்கு நான் ஒரு வழி வைத்திருந்தேன். துவேலே? என்று கேட்டுக்கொண்டே அவர் காலைத் தொட்டேன். நோ. இடுப்பைத் தொட்டேன். நோ. வயிறு, நோ. கன்னத்தருகே என் கை போனதுதான் தாமதம், துவேலே, துவேலே என்று கத்தி என் விரலைப் பிடித்துத் தன் வாயோரத்தில் வைத்துக்காட்டினார். டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். பல் செட்டைக் கழற்றினார்கள். வாய் கோணியதில் அந்தச் செட்டு நகர்ந்து ஈறை அறுத்து, புளியங்கொட்டை அளவுக்குப் புண், உள்ளே வெள்ளை வெள்ளையாக இருந்தது. இரண்டு மாதமாக ஒவ்வொரு கரண்டியும் அந்தப் புண்ணில் இடித்திருக்கிறது. என் கை கெட்டுப்போகவில்லை கண்ணு, என் கஞ்சிமேல் ஒரு குற்றமும் இல்லை, அந்த நிமிஷத்தில் எனக்கு அதுவும்தான் தோன்றியது, மறைக்க மாட்டேன்.

டாக்டருக்கு முகம் மாறிவிட்டது, ஆனாலும் விடவில்லை. வலிக்குதுன்னு சின்னக் குழந்தையும் சொல்லும்மா, நினைவு இருக்கான்னு நான் பாக்கணுமில்ல என்றார். தமிழ்லயே கேளுங்க சார், காது போகல என்றேன். இடது கையைத் தூக்குங்க என்றார், தூக்கினார். மதர் யாருன்னு காட்டுங்க என்றார், மதர் சுகுணாவைக் காட்டினார். சமைக்கிறது யாரு என்றார், என்னைக் காட்டியதோடு விடாமல் கஞ்சிப் பாத்திரத்தைக் காட்டி, கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்து ஒரு சிட்டிகை போடுவது போல் செய்துகாட்டி மூஞ்சியைச் சுளித்தார். உப்பில்லையாம். உப்பு போடாதே என்று எழுதிக்கொடுத்ததே அந்த டாக்டர்தான், அவரே சிரித்துவிட்டார். அவர் கேட்காமல் விட்டதை நான் கேட்டேன். அம்மா, நாளைக்கு வேன் வருது, போறீங்களா என்றேன். சிரித்துக்கொண்டிருந்த முகம் அப்படியே சுருங்கியது. நோ என்றார். நல்ல கையால் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தெங்கோ மியேதோ என்றார். மதர் என்னைப் பார்த்து, என்ன சொல்றாங்க அருளம்மா என்று கேட்டார். பயமா இருக்குதுன்னு சொல்றாங்க மதர் என்றேன். மதர் சுகுணா அப்படியே தரையில் முழங்கால் போட்டு அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார், டாக்டர் அந்தக் கடிதத்தைக் கிழித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு என்னைப் பார்த்து, நீங்க எங்கம்மா இந்த பாஷை படிச்சீங்க என்று கேட்டார் பார், நான் தலையை நிமிர்த்தி, எம்பொண்ணு தபால்ல சொல்லிக்குடுத்தாளுங்க என்றேன்.

இப்போது மடமே தலைகீழ். வேன் வரவில்லை. பல் செட்டு இல்லாமல் புண் ஆறிவிட்டது, கஞ்சி மூன்று டம்ளர் இறங்குகிறது, களி வேண்டும் என்று அடம். உன் வார்த்தைகளை எல்லாம் பெரிய அட்டையில் தமிழ் எழுத்தில் எழுதித் தலைமாட்டில் மாட்டியிருக்கிறார் மதர், அந்த அறைக்குள் போகிற யாரும் அதைப் படித்து அவரைக் கேட்ட பிறகுதான் கையை வைக்க வேண்டும் என்று உத்தரவு, தப்பாகச் சொன்னால் பிலாரம்மா பல்லில்லாத வாயால் திருத்துகிறார். தலைமை மடத்தோடு இப்போது மத்தியானத்திலேயே, மாத்திரைக்கு முன்னால் பேச வைக்கிறார்கள். ரோசம்மாள்தான் பாவம், இரண்டு நாள் வெளியே வரவில்லை, மூன்றாம் நாள் வந்து, அருளு, அப்ப நான் எங் கன்னுக்குட்டி காதுல சொன்னது என்னாது என்றாள். குளிருதுன்னு சொல்லியிருக்கீங்க என்றேன். ஆனா அது பொழைச்சிக்கிச்சே என்றாள். மதர் என்னை டீச்சர் என்று கூப்பிடுகிறார். உன் அப்பா அதியமான்கோட்டை டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு, எங்கூட்டுக்காரி ஸ்பெயினு பேசுவா, எனக்கும் கொஞ்சம் வரும் என்கிறாராம். கிறிஸ்துமஸ் காலைப் பூசைக்குப் பிலாரம்மாவைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்தோம், வேப்ப மரத்தடி வெயிலில் நிறுத்தி, எப்படிம்மா இருக்கு என்று நான் தமிழிலேயே கேட்டேன். எஸ்தோய் கொந்தெந்தா என்றார். சந்தோஷமாக இருக்கிறேன் என்று. அங்கிருந்த அத்தனை பேருக்கும் அது புரிந்தது.

இவ்வளவு ஜம்பம் அடிக்கிறேன், ஆனால் எனக்கும் ஒரு அடி விழுந்தது, அதையும் சொல்ல வேண்டும். பண்டிகை முடிந்து உட்கார்ந்து செப்டம்பர் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன், இந்தத் தடவை பாஷை கற்பதற்காக இல்லை. பசி, தாகம், குளிர், தூக்கம், வலி, சோர்வு, துக்கம், பயம். சந்தோஷம் கடைசியில் ஒன்று, கொசுறு மாதிரி. ஒரு பிள்ளை இந்த வார்த்தைகளை இவ்வளவு திருத்தமாகப் படித்திருக்கிறாள் என்றால் ஒவ்வொன்றையும் சொல்ல வேண்டிய நாள் ஒன்று அவளுக்கு வந்திருக்கிறது. பயமாக இருக்கிறது என்று நீ யாரிடம் சொன்னாய் சாமி, எதற்குச் சொன்னாய். மேலே, நான் நலம் என்று எழுதிவிட்டுக் கீழே இதையெல்லாம் எழுதினாய். பெற்றவள் நான் மேலே இருந்த வரியைப் படித்து நெஞ்சில் கை வைத்து ஆண்டவருக்கு நன்றி சொல்லிவிட்டு, கீழே இருந்ததைப் படித்துச் சிரித்தேன். பிலாரம்மா கட்டிலைச் சுற்றி நின்ற கூட்டத்தில் நானும்தான் இருந்தேன் என்று எழுதினேன் அல்லவா, உன் கடிதத்தைச் சுற்றியும் நான் அப்படித்தான் நின்றிருக்கிறேன். மன்னித்துக்கொள். நம்ம வீட்டில் யார் எதைக் கேட்டாலும் ஒன்றுமில்லை, நல்லாத்தான் இருக்கிறேன் என்று சொல்லி வளர்த்துவிட்டேன், அதைத்தான் நீ கப்பலேற்றிக் கொண்டு போயிருக்கிறாய்.

ஆகவே இது என் உத்தரவு. அடுத்த கடிதத்தில் நலம் என்று ஆரம்பிக்காதே. குளிர் என்றால் குளிர் என்று எழுது, எழுதுவதற்கு முன்னால் அங்கே இருக்கிறவர்களிடம் வாய் விட்டுக் கேட்டு இன்னொரு கம்பளி வாங்கு, சத்தமாகக் கேள். துக்கம் என்றால் எழுது, நான் உடைந்துபோக மாட்டேன், ஒரு டாக்டரையே நேருக்கு நேர் பார்த்தவள். துறவறம் உனக்குப் பிடித்திருந்தால் இரு, பிலாரம்மாவைப் போல ஆயிரம் பேருக்குப் பிரசவம் பார்த்துக் கைகொடு, எனக்குப் பெருமை. பிடிக்கவில்லை என்றால் வா, ஊர் என்ன சொல்லும் என்று ஒரு நிமிஷம் யோசிக்காதே, ஊர் வாயை நான் பார்த்துக்கொள்கிறேன், எனக்கு இப்போது இரண்டு பாஷை தெரியும். ராகி மாவு, பருப்புப் பொடி, நல்லெண்ணெய் எல்லாம் பார்சலில் வருகிறது, எண்ணெய் டப்பாவை நிமிர்த்தி வைத்துப் பிரி. உன் அம்மாவின் உடம்பு நிலையையும் ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன். முழங்கால் வலிக்கிறது, சாயங்காலம் ஆனால் சோர்வு வருகிறது, எனக்கு உன்னைத் தேடுகிறது. உன் அப்பாவுக்கும் தேடுகிறது, அவர் இதை எழுதச் சொல்லவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து மாட்டுக் கயிற்றைத் திரித்துக்கொண்டே நான் என்ன எழுதுகிறேன் என்று எட்டி எட்டிப் பார்க்கிறார், நான் எழுதுகிறேன். சர்வேசுரன் உன்னை நெற்றி முதல் பாதம் வரைக்கும் காக்கட்டும், மாதா தன் போர்வையை உன்மேல் போர்த்தட்டும். நெற்றியில் சிலுவை போட்டு முத்தம்.

மழுப்பாமல் பதில் எழுது.

உன்னைத் தேடிக்கொண்டிருக்கும் அம்மா,
சி. அருள்ராணி